82 மார்க் மாப்பிள்ளை

போன ஞாயிறு அக்கா வீட்டில் வரன் பேச்சு. அக்கா மகள், "எனக்கு ஒட்டலை மாமா, ஏன்னு சொல்லத் தெரியலை" என்றாள். உடனே அத்தான் லேப்டாப்பைத் திறந்தார். எக்செல் தாள். சம்பளம், படிப்பு, சொந்த வீடு, நாத்தனார் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். மாப்பிள்ளை நூற்றுக்கு 82. "மனசால முடிவெடுக்காதே, மூளையால முடிவெடு!" என்று முகம் சிவக்கக் கத்தினார். கோபம் உணர்ச்சிக் கணக்கில் சேராது போலிருக்கிறது. அதுவும் ஆம்பளைக் கோபம்.

மனசு குடியைக் கெடுக்கும், மூளை கரை சேர்க்கும் என்ற இந்தக் கதையை இன்னும் எத்தனை காலம் கேட்பது? மனசு என்ன, விலா எலும்புக்குள் தனியாக வாடகைக்குக் குடியிருக்கிறதா?

இவர்கள் முன்னால் எலியட்டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அமெரிக்காவின் ஐயோவாவில் நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ பார்த்த நோயாளி. 1994இல் வந்த 'டெகார்ட்ஸ் எர்ரர்' நூலில் இந்தப் புனைபெயரில் வருகிறார். முப்பதுகளில் இருந்தவர். கண்குழிகளுக்கு மேலே சின்ன ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி. அதை எடுக்கும்போது, அது கெடுத்துவைத்திருந்த மூளையின் முன்மடல் திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. நினைவாற்றல் அப்படியே. கணக்கு அப்படியே. ஐ.க்யூ. சராசரிக்கு மேல். உணர்ச்சிதான் வற்றிப்போயிற்று. தீப்பிடித்த வீட்டின் படத்தைக் காட்டினாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அத்தான் தேடும் உத்தம புருஷன் இவர்தானே? காகிதங்களை எப்படிப் பிரித்து அடுக்குவது என்ற யோசனையிலேயே எலியட்டுக்கு ஒரு பிற்பகல் போய்விடும். வேலை போயிற்று. சேமிப்பு தொழிலில் கரைந்தது. விவாகரத்து. பிறகு உற்றாரும் நண்பர்களும் விரும்பாத ஒரு பெண்ணைக் கட்டினார், அதுவும் முறிந்தது. ஒரு சிக்கலைச் சொன்னால் பத்து வழி சொல்வார். எதைச் செய்வதென்றுதான் தெரியாது. அதையும் அவரே சொன்னார். எக்செல் தாளைக் கொடுத்துப் பாருங்கள், எலியட் அழகாக நிரப்பித் தருவார். 82 போதுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

டமாசியோவின் அதே ஐயோவா குழு நடத்திய சீட்டு விளையாட்டு ஆய்வு 1997இல் வெளியானது. பணத்தைத் தின்னும் சீட்டுக்கட்டு எது என்று ஆட்டக்காரர்கள் வாயால் சொல்லும் முன்பே, அதன் பக்கம் கை போகும்போது உள்ளங்கை வியர்த்தது. எலியட் போன்றவர்களுக்கு வியர்க்கவில்லை, தோற்றுக்கொண்டே ஆடினார்கள். அக்கா மகளின் 'ஏன்னு தெரியலை' அந்த வியர்வைதான்.

மூளையைப் பற்றி வகுப்பெடுக்கும் இதே அத்தான்தான் மகனைக் கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் 'மிட் பிரெய்ன்' பயிற்சிக்குப் பணம் கட்டி அனுப்பியவர். பையன் மூக்கோர இடுக்கு வழியாகப் பார்த்துப் படித்து, சான்றிதழோடு வந்தான்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி ஆறுவதற்குள் 'சரி' சொன்னவர் அத்தான். அதை ஞாபகப்படுத்தி, "தாள்ல 'பிடிச்சிருக்கா'ன்னு ஒரு கட்டமே இல்லையே அத்தான்?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சேர்த்துக்கலாம். அஞ்சு மார்க் போட்டுடறேன்."