விளையாட்டு வேளை பறிபோகக் கூடாது

தருமபுரி மாவட்டம் இண்டூர் போன்ற ஊர்களில் பிள்ளைகளுக்கு ஓடியாட உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. கபடிக்கும் கோகோவுக்கும் ஒரு திடலும், ஆடிக் களிக்க நேரமும் போதும். அந்த நேரத்தைத்தான் தேர்வு நெருக்கடி விழுங்குகிறது. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 2023இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுக்கு வேலை தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் 11 முதல் 17 வயதினரில் 5இல் 4 பேர் அந்த அளவை எட்டுவதில்லை.

நேரம் ஒதுக்கினால் மட்டும் போதாது. அது மகிழ்ச்சியாகவும் கழிய வேண்டும். மைதானத்தைச் சுற்றி ஓடுவதைத் தண்டனையாக்கினால், ஓட்டமே வெறுத்துப்போகும். திறமைசாலிகள் ஆட, மற்றவர்கள் ஓரமாக நின்றால், 'நமக்கு இது வராது' என்ற எண்ணம் ஊறிவிடும். விரும்பி ஆடிய பிள்ளையே வளர்ந்த பின்னும் உடலைப் பேணும்.

பெண் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் ஆட்டத்தில் இடம் கொடுங்கள். விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கொடுங்கள். தலைமையாசிரியர்களும் பெற்றோரும் உடற்கல்விப் பாடவேளையைக் காக்க வேண்டும்.