திங்கட்கிழமை நோய்

என் வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. திங்கட்கிழமை காலையில் நடுவழியில் நின்றுவிடும். செவ்வாயும் புதனும் கொஞ்சம் இருமும், திணறும், ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வியாழன் வந்துவிட்டால் கல்லூரிப் பையன் மாதிரி ஓடும். வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது, போன திங்கட்கிழமை பட்ட பாடெல்லாம் கனவோ என்று தோன்றும். "உங்களை மாதிரியேதான். அதுக்கும் திங்கட்கிழமை ஆபீஸ் போகப் பிடிக்கலை" என்றாள் மனைவி. மூன்று மாத காலம் எங்கள் வீட்டில் இதற்குமேல் தெளிவான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

2012-இல் வாங்கிய நூறு சிசி வண்டி அது. கார்ப்பரேட்டர் காலத்து ஆள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபிறகு புது வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் கோளாறு வந்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும், மெக்கானிக் ஒரு கருவியைச் செருகிக் குறியீட்டு எண்ணைப் படிப்பார். என் வண்டிக்கு அப்படி வாய் கிடையாது. அது நிற்கும். அவ்வளவுதான் அதன் பேச்சு.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போய்வருவது என் அன்றாடம். பேட்டை தாண்டும்வரை நெரிசல், முப்பதைத் தாண்ட முடியாது. அதுவரை வண்டி சமர்த்து. ரோடு காலியாகி வேகம் அறுபதைத் தொட்டுக் கொஞ்ச தூரம் ஓடியதும் ஆரம்பிக்கும். முதலில் ஒரு சின்னத் தயக்கம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இழுக்காது. பிறகு முன்னும் பின்னும் யாரோ பிடித்து ஆட்டுவதுபோல ஒரு தள்ளாட்டம். கடைசியில் பெருமூச்சு விட்டு அடங்கிவிடும். ஓரமாக ஒதுக்கி, சாவியைப் போட்டு டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்ப்பேன். பெட்ரோல் தளும்பும். மூடியைப் பூட்டிவிட்டு உதைத்தால் மூன்றாவது உதையில் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

இந்த மாதிரி விட்டுவிட்டு வரும் கோளாறைப் போல மனிதனைப் படுத்துவது வேறில்லை. நிரந்தரமாகக் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்துவிடலாம், கெட்ட பாகம் கெட்டபடியே கண் முன்னால் இருக்கும். விட்டுவிட்டுக் கெடும் வண்டியோ, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே அப்படி, மெக்கானிக்கைப் பார்த்ததும் கைகட்டி நிற்கும். அவரும் இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். அந்த வார்த்தையில் சின்னதாக ஒரு சந்தேகம் ஒட்டியிருக்கும். சந்தேகம் வண்டிமேல் இல்லை, நம்மேல்.

முதல் மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை வெளுத்திருந்தது. கறுத்துப் புகைபடிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, செங்கல் நிறத்தில் இருந்தால் நல்ல எரிப்பு என்பது பட்டறைகளில் வழிவழியாகச் சொல்லப்படும் ஜோசியம். இதில் உண்மை இருக்கிறது. அவர் ஜோசியத்தைச் சரியாகத்தான் படித்தார். ஆனால் பரிகாரத்துக்கு ஜெட்டைக் காரணமாகப் பிடித்தார். கார்ப்பரேட்டரைப் பிரித்து, ஜெட்டுகளை ஊதி, கிண்ணத்தைக் கழுவி, புது பிளக்கும் போட்டு அனுப்பினார். அது ஒரு புதன்கிழமை. வெள்ளிவரை அருமையாக ஓடியது. திங்கட்கிழமை சேரன்மகாதேவி வருவதற்குள் நின்றது.

இரண்டாமவர் கரண்ட் கோளாறு என்றார். சிடிஐ பெட்டியை மாற்றினார். அதற்கும் முதல் சில நாட்கள் நல்ல பெயர். அடுத்த திங்கள் பழைய கதை. பிறகு பெட்ரோல் ஃபில்டர், அதற்கடுத்து பிளக் வயரும் தொப்பியும். மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் போயிற்று. ஒவ்வொரு பாகமும் மாற்றியதும் நான்கு நாள் ஓடியதால், ஒவ்வொரு முறையும் "இதுதான் காரணம்" என்று நானும் நம்பினேன். நோய் தானாகத் தணியும் நாளில் எந்தக் கஷாயம் குடித்தாலும் அந்தக் கஷாயத்துக்குத்தானே புகழ்!

மூன்றாவதாக நான் பெட்ரோலைப் பிடித்தேன். திங்கட்கிழமை காலையில்தான் டேங்கை நிரப்புவது வழக்கம். நிரப்பிய அன்றே நிற்கிறது என்றால் பங்க்கில்தான் கோளாறு என்று பட்டது. பங்க்கை மாற்றினேன். மாற்றமில்லை. அப்போது ஊரெல்லாம் எத்தனால் பேச்சு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதை 2030-க்குள் எட்டுவதாக இருந்த அரசு, இலக்கை 2025-க்கு முன்னுக்கு இழுத்து, எட்டியும்விட்டது. டீக்கடையில் நின்றால் மைலேஜ் போச்சு, ரப்பர் போச்சு என்று ஒரே புலம்பல். புலம்பலில் பாதி மிகை, பாதி நிஜம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பது நிஜம். அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதும் நிஜம். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அங்கேதானே இருக்கிறது.

நான் அந்த விஷயத்தில் முன்ஜாக்கிரதைக்காரன். ஐப்பசி அடைமழையில் வண்டி வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறதே, மூடி வழியாக நீர் இறங்கிவிடப் போகிறதே என்று, ஒரு பால் பாக்கெட்டை நறுக்கி, கழுவித் துடைத்து, டேங்கின் வாயில் விரித்து, அதன்மேல் மூடியை அழுத்திப் பூட்டியிருந்தேன். எங்கள் தெருவில் பாதி வண்டிகளில் இந்த ஏற்பாடு உண்டு. ஆகவே தண்ணீர் இறங்க வழியே இல்லை. இருந்தாலும் சந்தேகத்துக்கு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு சொட்டுகூடப் பிரியவில்லை. பெட்ரோல் நிரபராதி.

தை பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, வீரவநல்லூர் எல்லையில் வண்டி நின்றது. இருபது அடி தள்ளி ஓலைக்கொட்டகையில் ஒரு பட்டறை. இந்த முறை மூடியைத் திறந்து பார்க்கக்கூட மனமில்லாமல் அப்படியே தள்ளிக்கொண்டு போனேன். அறுபது வயது தாண்டிய அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. ஸ்பானரையும் தொடவில்லை. கேள்வி கேட்டார்.

"சுவிட்சை அணைச்ச மாதிரி பொட்டுனு நிக்குதா, மூச்சுமுட்டி நிக்குதா?"

"மூச்சுமுட்டித்தான் அண்ணாச்சி."

"அப்பம் கரண்ட் இல்ல. ஹேண்டிலைத் திருப்புறப்ப நிக்குதா?"

"இல்லை. நேர் ரோட்டில்தான்."

"எஞ்சின் சூடானப்புறம் ஸ்லோவுல நிக்குதா?"

"சிக்னலில் நின்றதே இல்லை. வேகமாகப் போனால்தான்."

"நின்னதும் என்ன செய்வீய?"

இந்தக் கேள்வியை மூன்று மாதத்தில் யாரும் கேட்டதில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன், பிறகு உதைப்பேன், கிளம்பிவிடும் என்றேன். "ம்" என்றார். எத்தனை நாளுக்கு ஒருதரம் நிற்கிறது என்றார். சைடு பாக்ஸில் இருந்த என் பெட்ரோல் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினேன். நிரப்பிய தேதி, லிட்டர், கிலோமீட்டர் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. நின்ற நாட்களிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். ஒன்றரைப் பக்கம் புரட்டியதும் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"டேங்க் நிறைஞ்சிருக்கிற அன்னிக்கு மட்டும் நிக்குது பாத்தீயளா."

நான் பார்த்திருந்தேன், சார். பார்த்து, பங்க்கை மாற்றியிருந்தேன்.

அவர் எழுந்து வந்து டேப்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு டீ கிளாஸில் விட்டார். டேப் திறந்தே இருந்தது. நிரம்பிய டேங்க். பெட்ரோல் குழாயிலிருந்து சொட்டியது. இன்னொரு சொட்டு. பிறகு நின்றே போனது. கொஞ்ச நேரம் அதை என்னைப் பார்க்கவைத்துவிட்டு, "இப்பம் மூடியைத் திறங்க" என்றார். சாவியைத் திருகினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். அந்தக் கணத்தில் கிளாஸில் பெட்ரோல் நூலாக இறங்கியது. என் கையில் டேங்க் மூடி. டேங்கின் வாயில் பால் பாக்கெட் தாள், உள்பக்கம் குழிந்து கிண்ணம்போல இறங்கியிருந்தது.

கேவலம், எண்ணெய் டின் விஷயம் இது! டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக வராது, எதிர்மூலையில் காற்றுக்கு இன்னொரு ஓட்டை வேண்டும் என்பது எங்கள் ஆச்சிக்குத் தெரியும். வண்டி டேங்கும் அப்படித்தான். கார்ப்பரேட்டர் வண்டியில் பெட்ரோலைத் தள்ள பம்ப் கிடையாது, தன் எடையால் தானே இறங்கவேண்டும். இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியிலேயே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு ஒரு லிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 17 மில்லி. அந்த 17 மில்லி இடத்தை நிரப்பக் காற்று வரவில்லை என்றால் உள்ளே வெற்றிடம் இழுக்கத் தொடங்கும். பெட்ரோல் மேலேயே தொங்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது என் வண்டியின் குணமெல்லாம் அர்த்தமாயிற்று. தாளின் விளிம்பு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. நகரத்து நெரிசலில் அந்தக் கசிவே போதும், நெடுஞ்சாலையில் போதாது. டேங்க் நிரம்பியிருக்கும்போது உள்ளே காற்றுக்கு இருக்கும் இடம் துளி. அதில் கொஞ்சம் பெட்ரோல் குறைந்தாலே அழுத்தம் சட்டென்று விழும். வியாழக்கிழமை பாதி டேங்க் காலி என்றால் காற்றுக்கு நிறைய இடம், அழுத்தம் விழ நேரமாகும், அதற்குள் நான் அம்பாசமுத்திரம் போய்விடுவேன். நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தேனே, அதுதான் ஒவ்வொரு முறையும் வண்டியைப் பிழைக்கவைத்த வைத்தியம். பார்த்துவிட்டு, தாளை மறுபடி பத்திரமாக விரித்து மூடினேனே, அதுதான் நோய். பெட்ரோல் போடும் பையன்கூட ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளை இரண்டு விரலால் எடுத்து என்னிடம் கொடுத்து, நிரப்பி முடித்ததும் வாங்கி வைத்திருக்கிறான். கோளாறை நான் மூன்று மாதம் கையில் பிடித்துக்கொண்டே தேடியிருக்கிறேன்.

அண்ணாச்சி அத்துடன் விடவில்லை. தாளை எடுத்துவிட்டுக் கல்லிடைக்குறிச்சி வரை அறுபதில் போய்வரச் சொன்னார். போய்வந்தேன், ஒரு தயக்கமும் இல்லை. திரும்பித் தாளைப் போட்டு அதே தூரம் போகச் சொன்னார். எதற்கு என்றேன். "போனது திரும்ப வரணும்லா. அப்பத்தான் இதுதான்னு அர்த்தம்" என்றார். பாதி வழியில் வந்தது. இதற்கு முன் பாகம் மாற்றிய யாரும், நான் உட்பட, பழைய பாகத்தைத் திரும்ப மாட்டிப் பார்த்ததில்லை.

மூடியின் துவாரத்தை அவர் கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையால் குத்திவிட்டுக்கொண்டே மற்றவற்றையும் சொன்னார். பொட்டென்று நின்று, கால் மணி நேரம் ஆறினால் கிளம்பும் வண்டிக்குப் பல்சர் காயிலைப் பார்க்கவேண்டும். சூட்டில் உள்ளே அறுபடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஹேண்டிலைத் திருப்பினால் நிற்கும் வண்டிக்குக் கழுத்தில் சாவி வயர் நைந்திருக்கும். சூடானபின் ஸ்லோவில் நின்றுபோனால் டேப்பெட் இறுக்கம். கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு விழுந்தாலும் ஸ்லோ ஏறி இறங்கும். திணறும்போது சோக்கை இழுத்தால் கொஞ்சம் தெம்பு வருகிறதா என்று பார்த்தால் பெட்ரோல் போதாமையா இல்லையா என்பது ரோட்டிலேயே தெரிந்துவிடும். இதில் எதற்கும் மீட்டர் வேண்டாம், ஓட்டுகிறவன் கவனித்துச் சொன்னால் போதும் என்றார். மெக்கானிக்குகளைக் குறைசொல்லி என்ன பயன்? நான் அவர்களிடம் சொன்னதெல்லாம் "மிஸ் அடிக்குது, பாருங்க" என்ற மூன்று வார்த்தைதான்.

கூலி எவ்வளவு என்றேன். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். தாளைக் கசக்கி என் கண்முன்னால் அடுப்புச் சாம்பலில் போட்டார்.

இந்த மழைக்கு வண்டியை மாடிப்படிக்குக் கீழே நிறுத்துகிறேன். உங்கள் டேங்க் வாயிலும் ஒரு பால் பாக்கெட் தாள் இருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.