'எங்கள் கார்' என்போரும் 'நம்ம ஜீப்பு' என்போரும்

'எங்கள் வீட்டு முதல் கார்' என்பது இன்று ஏறத்தாழ ஒரு தனி இலக்கிய வகையாகவே நிலைபெற்றுவிட்டது. அதன் உறுப்புகள் பெரிதும் மாறுவதில்லை. வாசலில் வந்து நின்ற அம்பாசடர் அல்லது பிரீமியர் பத்மினி. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். ஓட்டுநர் இருக்கையில் பெருமிதத்தோடு தந்தை. சன்னலோரத்திற்காக உடன்பிறந்தார் இட்ட சண்டை. கோடை விடுமுறையில் ஒரு மலைப்பயணம். இறுதியாக, வண்டியை விற்ற நாளின் கண்ணீர். 2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோதும், 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து கடைசிப் பத்மினி டாக்சி விடைபெற்றபோதும் இவ்வகை எழுத்து நாடெங்கும் பெருகிற்று.

இவ்வெழுத்துகளில் பொய் இல்லை. மறைந்த தந்தையின் முகம் ஒரு பழைய காரின் இருக்கை மணத்தோடு நினைவுக்கு வருவது எள்ளத்தக்கதும் அன்று. சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. பண்பாட்டாய்வும் நினைவாய்வும் இவ்வகையை எடுத்துக்கொண்டு, 'இந்தியக் குடும்பமும் காரும்' என்று பொதுத்தலைப்பு இட்டுவிடுகின்றன. ஒரு சிறு தொகுதியினரின் நினைவு, குடும்ப நினைவின் இலக்கணமாகவே உயர்த்தப்படுகிறது. உடைமை இருந்தால்தான் உறவு உண்டு, உறவு இருந்தால்தான் நினைவு உண்டு என்னும் ஒரு முன்முடிவு யாரும் வாதிடாமலேயே ஆய்வுக்குள் நுழைந்துவிடுகிறது.

அச்சிறு தொகுதி எவ்வளவு சிறிது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கார், ஜீப் அல்லது வேன் வைத்திருந்த வீடுகள் 4.7 விழுக்காடு. மூன்று வகை வண்டிகளையும் ஒரே கட்டத்தில் இட்டும் நூற்றுக்கு ஐந்து வீடுகள் தேறவில்லை. எனின், எஞ்சிய தொண்ணூற்றைந்து வீடுகளில் நான்கு சக்கர வண்டியைப் பற்றிய நினைவே இல்லையா?

இவ்வினாவிற்கு விடை தேடுவோர் விடியுமுன் கம்பத்திலோ கூடலூரிலோ நின்று பார்க்கவேண்டும். தேனி மாவட்டத்தின் இவ்வூர்களிலிருந்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்பும் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் பெண்கள். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் அவர்களை ஏற்றிச் செல்வது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் மகிந்திரா நிறுவனத்தின் வழியாக இந்தியாவில் வேரூன்றிய அவ்வண்டி, வண்டன்மேடு, அணக்கரை, சக்குபள்ளம் பகுதிகளின் தோட்டப் பாதைகளில் ஒரு தலைமுறைக்கு மேலாகத் தாய்மார்களைச் சுமந்திருக்கிறது. தூக்குவாளி, சேலைக்குமேல் அணியும் பழைய முழுக்கைச் சட்டை, மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள், திரும்பும்போது துணியெங்கும் ஏறியிருக்கும் பச்சை ஏலக்காயின் மணமும் பூச்சிமருந்தின் நெடியும் என இந்த வண்டிக்கும் தனக்கேயுரிய மணமும் பொருள்களும் உண்டு. அவற்றைக் கேட்டுப் பதிந்தவர் சிலரே.

இங்கு மொழி ஒரு சான்று தருகிறது. தமிழின் தன்மைப் பன்மையில் இரு வடிவங்கள் உள. 'நாம், நம்' என்பன கேட்போரை உளப்படுத்துவன. 'நாங்கள், எங்கள்' என்பன கேட்போரை விலக்கி நிற்பன. இன்றைய கன்னடத்தில் இல்லாத இவ்வேறுபாட்டை மலையாளமும் 'நம்மள், ஞங்ஙள்' எனப் போற்றிவைத்திருக்கிறது. எனவே குமுளியின் எல்லைக்கல்லுக்கு இப்பாலும் அப்பாலும் இந்த இலக்கணம் ஒன்றே. வீட்டுக் காரின் நினைவெழுத்து 'எங்கள்' என்னும் சொல்லில்தான் எழுதப்படுகிறது. அது தவிர்க்க இயலாதது. படிப்பவர் அந்தக் காரில் ஏறியவர் அல்லர். 'எங்கள் கார்' என்னும் தொடரில் ஒரு வாயிற்கதவு இருக்கிறது. வாசகர் அதற்கு வெளியே நின்று உள்ளே பார்க்கிறார்.

விடியற்காலைத் தெருவில் ஒலிப்பது வேறு தொடர்: "நம்ம ஜீப்பு வந்துருச்சா, மதினி?" அந்த ஜீப்பு பேசுபவருக்கும் சொந்தமன்று, கேட்பவருக்கும் சொந்தமன்று. ஆயினும் இருவரும் அதில் ஏறுபவர்கள். அதனால் அது 'நம்ம' ஜீப்பு. ஏறத் தவறியவர் வேறு குழுவினரின் வண்டியை மறித்து, "எங்க ஜீப்பு போயிருச்சு, உங்க ஜீப்புல ஏறிக்கிறவா?" என்பார். அங்கும் 'எங்க' வருகிறது. ஆனால் அதன் எல்லையை வகுப்பது பதிவுச் சான்றிதழ் அன்று, உடன் பயணம். உடைமையின்றி உரிமை பேசும் இவ்வழக்கைப் பேச்சுவழக்கின் தளர்ச்சி என்று தள்ளுவது இலக்கணம் அறியாமை. ஆறாம் வேற்றுமை உடைமையை மட்டும் குறிப்பதன்று. 'என் ஊர்' என்பவர் ஊரை விலைக்கு வாங்கியவர் அல்லர்.

கலைச்சொல்லாக்கத்திலும் இதே சாய்வு படிந்திருக்கிறது. காருக்குத் தமிழ் 'மகிழுந்து' என்று பெயரிட்டது. ஊர்ப்புறங்களில் முன்பு வழங்கிய 'பிளஷர் கார்' என்பதன் பொருளும் அதுவே. மகிழ்ச்சிக்காகச் செல்லும் வண்டி என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே வைக்கப்பட்ட தீர்ப்பு. கூலிக்காகச் செல்லும் வண்டிக்கு அச்சொல் பொருந்தாது. ரோலான் பார்த் 1957-இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலில் புதிய சித்ரோயன் காரைக் கோதிக் பேராலயங்களுக்கு இணையாக வைத்தார். அந்தக் கட்டுரையைப் பாடமாக நடத்தும் வகுப்பறைகள், குமுளிச் சாலையின் ஜீப்பை எந்த ஆலயத்தோடு ஒப்பிடுவது என்று கேட்பதில்லை.

ஒப்பிட ஓர் ஆலயம் அங்கேயே இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தினுள், மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, மக்கள் செல்ல இசைவு தரப்படுகிறது. பளியங்குடி வழியாக நடந்து ஏறுவோர் ஒருபுறம். குமுளியிலிருந்து ஜீப்புகளில் செல்வோர் மறுபுறம். அந்த ஒருநாள் ஜீப் பயணம் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆண்டின் பெரும் பயணம். பாட்டியை முன்னிருக்கையில் அமர்த்தி, பிள்ளைகளை மடியில் ஏற்றிச் சென்ற அந்த நாள், கொடைக்கானலுக்கு அம்பாசடரில் சென்ற நாளைவிட எவ்வகையில் குறைந்த குடும்ப நினைவு?

வண்டி வராத நாள்களும் நினைவின் பகுதியே. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தால் குமுளிச் சாலை அடைபட்டபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கால் எல்லை மூடப்பட்டபோதும் ஜீப்புகள் நின்றன, கூலியும் நின்றது. 'கார் நின்றுபோனது' என்பது ஒரு வீட்டில் வேடிக்கைக் கதை. 'ஜீப்பு நின்றுபோனது' என்பது இன்னொரு வீட்டில் அடுப்பைப் பற்றிய செய்தி. மோரீஸ் ஆல்பவாக்ஸ் 1925-இலேயே நினைவுக்குச் சமூகச் சட்டகம் உண்டு என வாதிட்டார். அவரை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள், சட்டகத்தின் பெயரால் வரவேற்பறையில் மாட்டிய புகைப்படச் சட்டத்தையே திரும்பத் திரும்பக் காண்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அளவுக்கு மீறி ஆளேற்றிச் செல்லும், விபத்துக்குப் பேர்போன ஒரு வண்டியைப் பாசத்தின் சின்னமாக்குவது சுரண்டலை அழகுபடுத்துவதாகாதா? இது நேர்மையான மறுப்பு. விடையும் நேர்மையாக அமையவேண்டும். இடுக்கிடுக்கி அமர்ந்த நெருக்கத்தை 'உறவின் வெம்மை' என்று வருணிப்பது கயமை. அந்த நெருக்கத்தை உண்டாக்கியது அன்பன்று. ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கிடைக்கும் வாடகையும், தொழிலாளரின் போக்குவரத்தைத் தம் பொறுப்பாகக் கருதாத வேலைமுறையும் ஆகும். ஆனால் உறவை மறைத்துவிட்டால் சுரண்டல் தெளிவாகத் தெரியும் என்பது பிழை. நடப்பது அதன் தலைகீழ். கார் விபத்தில் 'ஒரே குடும்பத்தினர் நால்வர்' இறந்ததாகச் செய்தி வரும். ஜீப் கவிழ்ந்தால் 'கூலித் தொழிலாளர்கள் நால்வர்' என வரும். அவர்கள் ஒரே தெருவின் மாமியாரும் மருமகளும் மதினியுமாக இருக்கக்கூடும் என்பதைச் செய்தியின் சொல்லமைப்பே மறைத்துவிடுகிறது.

சட்டமும் எண்ணிக்கையில்தான் பேசுகிறது. நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் அஞ்சனா ஷ்யாம் வழக்கில் 2007-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, 42 பேருக்கு இசைவு பெற்று அதனினும் இருமடங்குக்கு மேல் ஆளேற்றிச் சென்று கவிழ்ந்த ஒரு பேருந்தைப் பற்றியது. காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு இசைவு பெற்ற எண்ணிக்கையினருக்கான தொகையோடு முடிகிறது. அதனைப் பாதிக்கப்பட்ட அனைவரும் விகிதப்படி பங்கிட்டுக்கொண்டு, எஞ்சியதை வண்டி உரிமையாளரிடம் பெறவேண்டும் என்றது நீதிமன்றம். இந்நெறி ஜீப்புக்கும் பொருந்தக்கூடியதே. கடனில் வாங்கிய பழைய ஜீப் ஒன்றையே சொத்தாக உடையவரிடம் எஞ்சியதைப் பெறுவது எங்ஙனம்? 'நம்ம ஜீப்பு' என்ற சொல் அனைவரையும் உளப்படுத்தியது. காப்பீட்டுப் பத்திரம் இருக்கைகளை மட்டும் உளப்படுத்தியது. இந்த இடைவெளியை விளக்க நினைவாய்வும் வேண்டும், தொழிலாளர் சட்டமும் வேண்டும்; ஒன்றை விட்டு மற்றொன்று நில்லாது. தாயை ஏற்றிச் செல்லும் வண்டி என்று அறிந்தோரே பாதுகாப்பான பேருந்து வேண்டும் எனவும், தோட்ட உடைமையாளர் போக்குவரத்துப் பொறுப்பை ஏற்கவேண்டும் எனவும் உரத்துக் கேட்பர்.

ஆகவே பல்கலைக்கழகத் துறைகள் செய்யவேண்டியது எளிது. குடும்பமும் வண்டியும் பற்றிய வினாப்பட்டியலின் முதல் வினா 'உங்கள் வீட்டில் எப்போது கார் வாங்கினீர்கள்?' என்பதாக இருக்கும்வரை, கம்பத்திலிருந்தோ குமுளியிலிருந்தோ வரும் முதல் தலைமுறை மாணவி 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்திற்குச் செல்வாள். அவளுடைய தாய் முப்பது ஆண்டு அமர்ந்து சென்ற இருக்கை அந்த ஒரு சொல்லில் அழிந்துபோகும். வினா இப்படித் தொடங்கட்டும்: 'உங்கள் வீட்டார் யாரோடு, எந்த வண்டியில், எங்கே சென்றார்கள்?' அதற்கு அவளிடம் பல பக்க விடை உண்டு. ஓட்டுநரை 'அண்ணன்' என்று அழைத்த குரல்கள், கூலி கைக்கு வந்த நாளில் வழியில் வண்டியை நிறுத்தி வாங்கிய பலகாரம், ஒரு நாள் நேரத்தில் திரும்பாத ஜீப்புக்காகத் தெருமுனையில் காத்து நின்ற இரவு ஆகியவை அவ்விடையில் இருக்கும். அவற்றுக்குப் புகைப்படச் சான்று கேட்கவேண்டாம். விடியுமுன் இருட்டில் ஏறி, இருட்டும்போது இறங்கியவர்களை யாரும் படம் எடுக்கவில்லை.