பிரித்தெடுத்த கரிவளி எங்கே போகிறது?

பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களின் பின்கட்டில் நிற்கும் எரிவாயுத் தோம்பில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். சரவாக் கடலடியிலிருந்து எடுத்து, பிந்துலுவில் திரவமாக்கி, 1983 முதல் ஜப்பானுக்குக் கப்பலேற்றி வருகிறோமே, அது வேறு. அதில் பெரும்பகுதி மீத்தேன். பெரியவர்களிலும் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

அறை வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. அதை −162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அப்போது அதன் கன அளவு ஏறக்குறைய 600இல் ஒரு பங்காகச் சுருங்குவதால்தான் கப்பலில் ஏற்ற முடிகிறது.

சிக்கல் இதற்கு முன்பே வந்துவிடுகிறது. கடலடி வாயுவில் கரிவளியும், அதாவது கார்பன் டை ஆக்சைடும், கலந்திருக்கும். சில வயல்களில் மிக அதிகமாகவே இருக்கும். இது −78 பாகை அளவிலேயே உறைந்து திடமாகி, குளிரூட்டும் குழாய்களை அடைத்துவிடும். ஆகவே எந்த ஆலையும் கரிவளியை முதலில் பிரித்தே ஆக வேண்டும். சுற்றுச்சூழல் அக்கறையால் அல்ல, ஆலை ஓட வேண்டுமே என்பதற்காக!

பிரித்ததை என்ன செய்வது? பல ஆலைகள் அதை வானில் விட்டுவிடுகின்றன. கரிவளி மிகுந்த வயலைத் திறக்க விரும்பும் நிறுவனம், அதைத் திரும்பப் புதைக்கும் ஏற்பாட்டை முடித்த பிறகே வாயு எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கிள்ளான் அருகே காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கியில் கரிவளி நைட்ரஜனோடு கலந்து வெளியேறுகிறது. அங்கே பிரிப்பதுதான் கடினமான, செலவு மிக்க வேலை. எரிவாயு ஆலையிலோ அந்த வேலை முன்பே முடிந்துவிடுகிறது. அழுத்தி, குழாய்வழி அனுப்பி, பாறைக்குள் செலுத்துவதே மிச்சம்.

நார்வே இதை 1996 முதல் ஸ்லைப்னர் வயலில் செய்து வருகிறது. அங்கே 1991இலேயே கரிவளிக்கு வரி விதித்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் கார்கன் திட்டமும் புதைப்பதாகச் சொல்லித்தான் அனுமதி பெற்றது. ஆனால் 2016இல் திரவ வாயு ஏற்றுமதி தொடங்க, புதைப்பது 2019இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்துக் கரிவளி வானுக்குத்தான் போனது.

நம் கசாவாரி வயல் 2024இல் வாயு தரத் தொடங்கியது. ஆண்டுக்கு 33 லட்சம் டன் வரை கரிவளியைப் பிடித்து, வற்றிய எம்1 வயலில் செலுத்தும் திட்டத்துக்கு பெட்ரோனாஸ் 2022இல் முடிவெடுத்தது. திட்டம் நல்லதுதான். வாயு முதலில், புதைப்பது பிறகு என்ற வரிசைதான் எனக்கு உடன்பாடில்லை.

தாமதித்தால் நாட்டுக்கு வருமானம் குறையும் என்பார்கள். உண்மைதான். வாயு குறைந்தால் நிலக்கரி கூடும் என்ற வாதம் இன்னும் வலுவானது. தீபகற்பத்துக்கே 2013 முதல் மலாக்கா சுங்கை ஊடாங்கில் திரவ வாயு கப்பலில் வந்து இறங்குகிறது. மின்சாரம் தயாரிக்கும்போது வாயு வெளியிடும் கரிவளி, நிலக்கரியினுடையதில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் வயலிலேயே கரிவளியை வானில் விட்டால், அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வாயு கப்பலேறும் முன்பே கரைந்துவிடுகிறது.

புதைத்தாலும் பாதிக் கணக்குதான் முடியும். 1 கிலோ மீத்தேன் முழுதாக எரிந்தால் 2.75 கிலோ கரிவளி உருவாகும். படிவம் நான்கு மாணவர்கள் வேதியியல் சமன்பாட்டை எழுதியே இதைச் சரிபார்க்கலாம். அந்தக் கரிவளி வாங்கியவர் நாட்டு வானத்தில்தான் கலக்கிறது. பிந்துலுவில் யாரும் அதைப் பிடிக்க முடியாது.