எத்தனால் பெட்ரோல்: பழைய பைக்குகளுக்கு யார் பொறுப்பு?

பெட்ரோலுடன் 20% எத்தனால் கலக்கும் இலக்கை, முதலில் திட்டமிட்ட 2030ஆம் ஆண்டுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 2025ஆம் ஆண்டிலேயே இந்தியா எட்டிவிட்டது. 2014இல் இந்தக் கலப்பு விகிதம் வெறும் 1.5%. எத்தனால் கலப்பால் இதுவரை 1.40 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமாகியிருப்பதாக மத்திய அரசு கூறுகிறது. கரும்பு, சோள விவசாயிகளுக்கும் இதனால் புதிய சந்தை கிடைத்திருக்கிறது. இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால், பழைய வாகனங்கள் பாதிக்கப்படுமா என்ற கேள்வி 2025 ஆகஸ்ட்டில் நாடு முழுவதும் எழுந்தபோது, பெட்ரோலிய அமைச்சகம் அளித்த விளக்கத்தில் ஒரு வரி கவனத்துக்குரியது. சில பழைய வாகனங்களில் ஏறத்தாழ 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம். அதற்குச் செலவு குறைவு. வழக்கமான சர்வீஸின்போதே எளிதாகச் செய்துகொள்ளலாம் என்றது அந்த விளக்கம். இ20 பெட்ரோலை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. அதோடு விவாதமும் ஏறக்குறைய அடங்கிவிட்டது. அந்த ரப்பர் பாகம் எங்கே கிடைக்கிறது, அது அசல்தான் என்று யார் உறுதி தருகிறார்கள், அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

மேற்குப் புறநகரின் வாழ்வாதார வாகனம்: இந்தக் கேள்விகளின் கனத்தை உணரச் சென்னையின் மேற்குப் புறநகரைப் பார்த்தால் போதும். 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியைச் சுற்றியுள்ள பெரிய வாகன உதிரிபாக ஆலைகள், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்குகள் ஆகியவற்றுக்கு அன்றாடம் வேலைக்கு வருவோரில் பெரும்பகுதியினரின் வாகனம் மோட்டார் சைக்கிள்தான். அதிகாலை ஷிப்டுக்கும் நள்ளிரவு ஷிப்டுக்கும் பேருந்தையோ மின்சார ரயிலையோ நம்ப முடியாதவர்களுக்கு வேறு வழியில்லை. பட்டாபிராமிலிருந்தும் திருமழிசையிலிருந்தும் வந்து போகும் இந்த வண்டிகளில், 2020க்கு முன்பு வாங்கிய ஸ்பிளெண்டர், பல்சர், விக்டர், எக்ஸ்.எல். சூப்பர் போன்றவற்றை இன்றும் தாராளமாகப் பார்க்கலாம். 

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான இருசக்கர வாகனங்கள் கார்புரேட்டரைக் கைவிட்டு எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறின. அதற்கு முந்தைய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை கார்புரேட்டரில் ஓடுபவையே. அதாவது, ஒரு தொழில்நுட்பம் விற்பனையிலிருந்து விடைபெற்றுவிட்டது. சாலையிலிருந்து இன்னும் விடைபெறவில்லை.

கார்புரேட்டரால் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது: கார்புரேட்டரின் வேலை, காற்றையும் பெட்ரோலையும் உரிய விகிதத்தில் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது. அடியிலுள்ள கிண்ணத்தில் ஒரு மிதவை பெட்ரோலின் மட்டத்தைக் காக்கிறது. மட்டம் உயர்ந்ததும், மிதவையுடன் இணைந்த ஊசி பெட்ரோல் வரும் வழியை அடைக்கிறது. எவ்வளவு பெட்ரோல் மேலேற வேண்டும் என்பதை ஜெட் எனப்படும் பித்தளைத் துண்டின் நுண்துளை தீர்மானிக்கிறது. இந்த அளவுகள் ஆலையிலேயே நிர்ணயிக்கப்பட்டவை. புதிய வாகனங்களில் உள்ள ஆக்சிஜன் உணரி, எரிபொருள் மாறினால் அதை ஓரளவு கண்டறிந்து பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது.

எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால், முன்பிருந்த அதே நுண்துளை வழியாக அதே அளவு எரிபொருள் சென்றாலும் கலவையில் காற்றின் பங்கு மிகுந்துவிடும். குளிர்ந்த என்ஜின் கிளம்பத் தயங்குவதும், வேகம் கூட்டும்போது வண்டி இழுவையின்றித் திணறுவதும் இதன் அறிகுறிகள். அடுத்தது ரப்பர். பழைய வண்டிகளில் பரவலாகப் பயன்பட்ட சாதாரண வகை நைட்ரைல் ரப்பர், எத்தனாலில் ஊறி உப்பிப் பின் இறுகி வெடிக்கக்கூடும். ஃபுளோரோ ரப்பர் இதை நன்றாகத் தாங்கும். ஆனால் விலை கூடுதல். ஊசியின் ரப்பர் முனை உப்பினால் பெட்ரோல் வழியாது அடைபடும் அல்லது அடைபடாமல் வழியும். இரண்டில் எது நேர்ந்தாலும் வண்டி நடுச்சாலையில் நிற்கும்.

மூன்றாவது, தண்ணீர். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். முதலில் கார்புரேட்டருக்குள் இறங்குவது அதுதான். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், அம்பத்தூர் தொழிற்பேட்டை நாள்கணக்கில் நீரில் கிடந்ததை மறந்துவிட முடியாது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் தண்ணீர் தேங்கும் ஒரு பகுதியில் இது ஏட்டளவிலான அச்சமல்ல.

உதிரிபாகத்தைத் தேடி: வண்டியின் உற்பத்தி நின்று சில ஆண்டுகள் ஆனதும், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையகத்தில் 'அந்த பார்ட் இப்போது வருவதில்லை' என்ற பதில் வரத் தொடங்கும். தனி கேஸ்கெட் கேட்டால் முழு கார்புரேட்டரையே வாங்கச் சொல்வதும் உண்டு. அடுத்து ஜி.பி. சாலை, அங்கும் இல்லையென்றால் புதுப்பேட்டை. 1996இலேயே உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100க்குக்கூட அங்கே பாகம் கிடைக்கும். ஆனால் அந்த வண்டிக்கு ஆர்வலர் கூட்டம் இருக்கிறது. அவர்கள் எந்த விலையும் தருவார்கள். ஆவடியில் ஷிப்டுக்குச் செல்பவரின் பழைய விக்டருக்கு அப்படி யாரும் இல்லை.

கடையில் கிடைக்கும் 'ரிப்பேர் கிட்' பாக்கெட்டில் கேஸ்கெட், ஓ-ரிங், ஊசி, ஜெட் எல்லாம் இருக்கும். அந்த ரப்பர் எந்த வகை, எத்தனாலைத் தாங்குமா என்பது பெரும்பாலும் அதில் எழுதியிருக்காது. ஜெட்டின் மீது பொறித்த எண்ணும் அதன் துளையின் உண்மையான அளவும் ஒத்துப்போகின்றனவா என்று வாங்குபவரால் சோதிக்க முடியாது. எத்தனாலைத் தாங்காத ரப்பரை மாற்ற வேண்டும் என்று அரசு சொல்ல, அதே எத்தனாலைத் தாங்காத இன்னொரு ரப்பரைப் புதிதாக வாங்கி மாட்டுவதுதான் நடைமுறையில் நடக்கக்கூடியது.

பொருத்துவதும் ஒரு கலை. பழைய ஜெட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கிணையானதையே போட வேண்டும். அடைப்பை எடுக்கக் கம்பியைச் செருகினால் துளை பெரிதாகிவிடும். காற்றழுத்தத்தால்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஊசியை மாற்றினால் மிதவையின் உயரத்தை மீண்டும் அளந்து சரிபார்க்க வேண்டும். கடைசியில் என்ஜின் நன்கு சூடேறிய பிறகே காற்றுத் திருகையும் ஐடிலிங்கையும் சீராக்க வேண்டும். இதைக் காதால் கேட்டே செய்யத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. இளைய தலைமுறை ஸ்கேனர் கருவியுடன் தொழிலுக்கு வருகிறது, அதில் தவறில்லை. இடையில் கைவிடப்பட்டது கார்புரேட்டர் அறிவு.

உண்மையான இழப்பு எது?: இ20 குறித்த விவாதம் பெரும்பாலும் மைலேஜைச் சுற்றியே நடந்தது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட செயல்திட்டத்தின்படி, கலப்பற்ற பெட்ரோலுக்கு வடிவமைக்கப்பட்டு இ10க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட இருசக்கர வாகனங்களில் எரிபொருள் திறன் 3 முதல் 4% குறையலாம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாள்கள், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியை ஓட்டுபவருக்கு, இது மாதம் ஒரு லிட்டருக்கும் குறைவான கூடுதல் செலவுதான். ஆனால் வண்டி வழியில் நின்று ஒரு ஷிப்டு தவறினால் போவது ஒரு நாள் கூலி. சரியான பாகம் கிடைக்காமல் இரண்டு மூன்று முறை பிரித்து மாட்டினால் அந்த இழப்பும் பெருகும். புள்ளிவிவரங்களில் ஏறாத இந்தச் செலவுதான் கொள்கை வகுப்பவர்களின் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

பழைய வண்டியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கலாமே என்று கேட்கலாம். மாசைக் குறைப்பதற்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் சட்டமே 15 ஆண்டுகள் கடந்த தனியார் வாகனத்தின் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க அனுமதிக்கிறது. அதற்காக 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வாகனத்துக்கு 1,000 ரூபாய், 20 ஆண்டுகளைக் கடந்தால் 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய் எனக் கட்டணமும் பெறப்படுகிறது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. ஓட்டலாம் என்று கட்டணம் பெற்று அனுமதிக்கும் அரசுக்கு, ஓட்டுவதற்குத் தேவையான பாகம் சந்தையில் இருப்பதை உறுதிசெய்யும் கடமையும் உண்டல்லவா? ஊசி தேய்ந்து பெட்ரோல் வழியும் கார்புரேட்டரைவிட, பழுது நீக்கிய கார்புரேட்டர் குறைவாகவே மாசு உண்டாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது?: உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கான குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றுடன் வாகனத் துறையும் அதன் வரம்பில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால், உற்பத்தி நின்ற பிறகு எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் வழங்க வேண்டும் என்பதற்கு இவற்றில் விடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதலே குளிர்சாதனப் பெட்டிகளுக்கு 7 ஆண்டுகள், சலவை இயந்திரங்களுக்கு 10 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என விதித்திருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கே அப்படியென்றால், ஒரு குடும்பத்தின் வருமானம் ஏறிச் செல்லும் வாகனத்துக்கு ஏன் கூடாது?

செய்ய வேண்டியவை: முதலாவதாக, ஒவ்வொரு நிறுவனமும் தன் பழைய மாடல்களில் இ20க்காக மாற்ற வேண்டிய பாகங்களை, பாக எண்ணுடனும் விலையுடனும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளியிட வேண்டும். ஜெட் அளவை மாற்ற வேண்டுமா என்பதும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, பதிவு செல்லுபடியாகும் காலம் வரை அத்தியாவசிய உதிரிபாகங்கள் கிடைப்பதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். மூன்றாவதாக, எத்தனாலைத் தாங்கும் கேஸ்கெட், ஓ-ரிங், ஊசி ஆகியவற்றுக்குத் தனித் தர முத்திரை வேண்டும்.

இவற்றைத் தயாரிக்கும் திறன் தொலைவில் இல்லை. ரப்பர் வார்ப்பு, நுண் கடைசல், உலோகப் பூச்சு ஆகிய மூன்றையும் செய்யும் சிறு ஆலைகள் அம்பத்தூரிலேயே இருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் ஆர்டர் குறைந்து தவிக்கும் காலங்களில், சான்றளிக்கப்பட்ட 'ரிப்பேர் கிட்' தயாரிப்பு அவற்றுக்கு ஒரு கைகொடுப்பாக அமையும். மாநில அரசு சிட்கோ வழியாகப் பரிசோதனை வசதியை ஏற்படுத்தித் தந்தால் போதும். அம்பத்தூர் அரசு ஐடிஐ போன்ற இடங்களில், மூத்த மெக்கானிக்குகளையே பயிற்றுநர்களாகக் கொண்டு குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்தலாம். நிதி ஆயோக்கின் செயல்திட்டம் பழைய வாகனங்களுக்குப் பாதுகாப்பு எரிபொருளாக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று கூறியிருந்ததையும் மத்திய அரசு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

எரிபொருள் தற்சார்பு என்பது தேசத்தின் இலக்கு. அதற்கான விலையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் மாற்றுப் பாகத்தைத் தேடி அலையும் வேலையை மட்டும், அதற்கான நேரமும் பணமும் மிகக் குறைவாக உள்ளவர்களின் தலையில் சுமத்திவிட்டு, 'செலவு குறைவுதான்' என்று சொல்வது பொறுப்பான பதில் ஆகாது.