ஓயாது கூவிய எச்சரிக்கை மணி

சென்ற திங்கள் இப்பகுதியில் மின்விசிறியின் கண்டென்சரைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த சங்கத்து அன்பர் ஒருவர் ஞாயிறு காலை நம்மைத் தேடி வந்தார். நாக்பூரில் நாம் அறிந்த தமிழ்க் குடும்பங்களுள் கேம்பர் வேன் வைத்திருப்பவர் அவர் ஒருவரே. பழைய பயணி வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பம்பு எல்லாம் அமைத்திருக்கிறார். ஆண்டுதோறும் கோடையில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஹைதராபாத், பெங்களூரு, சேலம் வழியாக மதுரைப் பக்கத்துத் தம் ஊருக்குப் போய் வருவார். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். விடுமுறைக் காலத்தில் இரயில் சீட்டுக்காக நம்மிடம் வந்து நில்லாத தமிழர் அவர் ஒருவரே ஆகையால் அவர்மீது நமக்குத் தனி அன்பு உண்டு.

"தம்பி, வேனில் உள்ள காஸ் அலாரம் இரவெல்லாம் கத்துகிறது. புதியது வாங்கி மாட்டினேன், அதுவும் கத்துகிறது. வயரையே வெட்டிவிடலாமா என்று பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டும்" என்றார்.

"வெட்ட வேண்டாம் அண்ணா, மாலையில் வருகிறோம்" என்று சொல்லி அனுப்பினோம்.

வெட்டக்கூடாது என்று நாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை இரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதிக்கு மாறாக ஏற்றி வந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டனர். இரயில்வேயில் வேலை பார்க்கும் எவரும் அதனை மறந்திரார். வேனில் உருளை வைப்பதும் இரயிலில் ஒளித்துக் கொண்டு வருவதும் ஒன்றல்ல. ஆயினும் அடைத்த சிறு அறையில் நால்வர் உறங்கும் இடம் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படியும். அதனால்தான் இந்த அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்துகிறார்கள். உறங்குகிறவனை மணம் எழுப்பும் என்று நம்புவதற்கில்லை.

மாலையில் மல்டிமீட்டருடன் சென்றோம். அலாரம் எப்பொழுது கத்துகிறது என்பதே நமது முதற் கேள்வி. அன்பருக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணியார்தாம், "பாத்திரம் கழுவும்போது கத்தும் தம்பி. குழாயை மூடினால் நின்றுவிடும்" என்றார். பாதி வேலை அதிலேயே முடிந்தது. குழாயைத் திறந்தால் பம்பு ஓடும். பம்புக்கும் காஸ் அலாரத்துக்கும் என்ன உறவு? இரண்டுக்கும் பொதுவானது மின்சாரம் வந்து போகும் பாதை ஒன்றே.

கருவியின் கையேட்டைப் புரட்டினோம். வாயு கசிந்தால் சிவப்பு விளக்கும் இடைவிடாத ஒலியும் வரும். மின்னழுத்தம் குறைந்தால் மஞ்சள் விளக்கும் விட்டுவிட்டு வரும் குறுகிய ஒலியும் வரும். இதுகாறும் அவர்கள் வீட்டில் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்த்தவர் இல்லை. இரண்டும் ‘கத்தல்’ என்ற ஒரே கணக்கில் சேர்ந்திருந்தன.

வேனில் வீட்டு உபயோகத்துக்கென்று தனி பாட்டரி உண்டு. பம்பு ஓடாதபோது அதன் முனைகளில் 12.6 வோல்ட் இருந்தது, நல்ல நிலை. பம்பு ஓடும்போது 12.4, அதுவும் குறையில்லை. ஆனால் அதே வேளையில் அலாரத்தின் இரு வயர்களிலும் அளந்தால் 10.4 வோல்ட்தான் வந்தது. இடையிலே இரண்டு வோல்ட் எங்கே போயிற்று?

இதனைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. வீட்டில் எவரும் செய்யலாம். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவிலும், மற்றொன்றை அலாரத்தின் பாசிட்டிவ் வயரிலும் வைத்தோம். பம்பு ஓடுகையில் கிட்டத்தட்டச் சுழி. வயரும் ஃப்யூஸும் நலம். பிறகு ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும், மற்றொன்றை அலாரத்தின் நெகட்டிவ் வயரிலும் வைத்தோம். இரண்டு வோல்ட்! அங்கே பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்கு மேல் இருக்கலாகாது. குற்றவாளி எர்த்.

அந்த நெகட்டிவ் வயரைப் பின்தொடர்ந்தோம். பம்பு, விளக்கு, அலாரம் மூன்றின் வயர்களும் படுக்கைக்கு அடியில் வேனின் உடல் இரும்பில் ஒரே போல்ட்டில் முறுக்கப்பட்டிருந்தன. பெயின்டைச் சுரண்டாமலே முறுக்கியிருந்தார்கள். தொட்டித் தண்ணீர் சொட்டித் துருவும் ஏறியிருந்தது. பம்பு இழுப்பது ஏறக்குறைய 5 ஆம்பியர். துருவின் தடை 0.4 ஓம் என்று கொண்டால், இரண்டையும் பெருக்க 2 வோல்ட். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து மறந்த ஓம் விதி படுக்கைக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அலாரம் மட்டும் ஓடும்போது பத்தில் ஒரு ஆம்பியரே செல்வதால் ஒன்றும் தெரியாது. பம்பு ஓடினால் மட்டும் அலாரத்துக்கு மூச்சு முட்டும்.

போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, புதிய வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். குழாயைத் திறந்தோம். அலாரத்தில் 12.2 வோல்ட், சத்தம் இல்லை. அண்ணியார் மகிழ்ந்து வேனிலேயே காப்பி போட்டார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுதியிருக்க மாட்டோம். துருவைத் தேய்த்த பெருமையை இரண்டு பக்கத்துக்கு எழுதுவது நமக்கே கூச்சம்.

காப்பி குடித்துக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அலாரம் மீண்டும் ஒலித்தது. நமது வேலை கெட்டுவிட்டது என்று எண்ணி மீட்டரை எடுத்தோம், மறைப்பானேன், எடுத்தோம். அண்ணியார் கையை அமர்த்தி, "தம்பி, இது அந்தச் சத்தம் இல்லை" என்றார். பார்த்தோம். சிவப்பு விளக்கு, இடைவிடாத ஒலி, பம்பு ஓடவில்லை. அவரே ரெகுலேட்டரை மூடினார். கதவுகளைத் திறந்து எல்லாரையும் கீழே இறக்கினார். விளக்கை அணைக்கப் போன பையனின் கையைத் தட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி உண்டு. அந்நேரத்தில் எதனையும் தொடலாகாது. அலாரத்தின் வயரைப் பிடுங்குவதும் அவ்வாறே.

மறுநாள் காலை, கதவுகள் திறந்திருக்க, நெருப்பு ஏதும் இன்றிச் சோப்பு நீரைத் தடவிப் பார்த்ததில், ரப்பர் குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் குமிழி கிளம்பியது. குழாயின் மேல் அச்சிட்டிருந்த ஆண்டைப் பார்த்தோம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குழாய் ஏழாம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தது.

எர்த்தைத் தேடியபோது அலாரத்தின் வயரில் சிறு சுவிட்ச் ஒன்றையும் கண்டிருந்தோம். பையன் வைத்தது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். கத்தினால் அணைத்துவிட்டுத் தூங்குவானாம். "எப்போதாவது நிற்காமல் கத்தியதுண்டா?" என்று கேட்டோம். சற்று நேரம் தரையைப் பார்த்திருந்து, "தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு நாள்" என்றான். அவனுடைய தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

இரயில்வேயில் சிக்னல் பகுதி நண்பர் ஒருவர் நமக்குச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்து ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்தாலும் ரிலே விழும். வயர் அறுந்தாலும் விழும். இரண்டிலும் சிக்னல் சிவப்பே. பழுதால் வந்த சிவப்பு என்று தெரிந்தும், எவரும் ரிலேயைக் கயிற்றால் கட்டித் தூக்கி வைப்பதில்லை. பழுதைத் தேடிப் போவார்கள். நாம் பார்சல் குமாஸ்தா. இதற்குமேல் அத்துறையில் நமக்கு ஞானம் போதாது.

சுவிட்சை எடுத்துவிட்டோம். அலாரத்துக்குப் பாட்டரியிலிருந்தே இரண்டு வயர்களைத் தனியாக இழுத்து, பாசிட்டிவில் அதற்கென்று சிறு ஃப்யூஸ் போட்டோம். இப்படிச் செய்தால் வண்டி நிற்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.4 ஆம்பியர்-மணி தின்னும். 100 ஆம்பியர்-மணி பாட்டரி இருபது நாளில் பாதியாகும். ஆகவே மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள் உருளையை இறக்கி வைத்துவிட்டு, அதன் பிறகு ஃப்யூஸைக் கழற்றலாம். மீண்டும் போட்டவுடன் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. உள்ளிருக்கும் உணர்கருவி சூடேறச் சில நிமிடங்கள் வேண்டும். கருவியின் முதுகில் காலாவதி ஆண்டு இருக்கும். அதனையும் பார்த்துக் கொள்க. வீட்டில் உருளை கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906; எங்கிருந்தும் அழைக்கலாம்.

வெள்ளியன்று விடியற்காலை அவர்கள் புறப்பட்டார்கள். புதிய குழாயின்மேல் மாற்றிய தேதியைப் பையனே மையால் எழுதியிருந்தான். சேலத்திலிருந்து அண்ணியார் பேசினார். நான்கு முறை பாத்திரம் கழுவியாயிற்றாம், அலாரம் வாய் திறக்கவில்லையாம்.

இன்வெர்ட்டர் பாட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா என்று அஜ்னியிலிருந்து கேட்டிருக்கும் அன்பருக்கு அடுத்த திங்கள் விரிவாக எழுதுவோம். அதுவரை ஊற்ற வேண்டாம்.