புரோமைடு: தூங்க வைக்கும் சொல்

புரோமைடு என்றதும் சிலருக்குப் பழைய போட்டோ ஸ்டூடியோ ஞாபகம் வரும். வெள்ளி புரோமைடு பூசிய தாளில்தான் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பிரிண்ட் போட்டார்கள். ஆங்கில அகராதியைப் புரட்டினால் அதே சொல்லுக்கு இன்னும் இரண்டு அர்த்தங்கள் கிடைக்கும். ஒன்று, தூக்க மருந்து. இன்னொன்று, கேட்டுக் கேட்டுப் புளித்துப் போன ஆறுதல் வாக்கியம். "எல்லாம் நன்மைக்கே" ரகம்!

ஒரு ரசாயனத்தின் பெயர் வாய்ச்சொல்லுக்கு எப்படி வந்தது? அந்தக் கதை தெரிந்தால், புரோமின் வியாபாரம் ஐம்பது வருடமாக எப்படிப் பிழைத்து வருகிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

முதலில் தனிமம். சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமங்கள் இரண்டே இரண்டு: பாதரசமும் புரோமினும். 1826ல் பிரான்சின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த அந்துவான் பலார் என்ற இளைஞர், உப்பளத்தில் உப்பை எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து இந்தச் செம்பழுப்புத் திரவத்தைப் பிரித்தார். மூக்கைத் துளைக்கும் நெடி. அதனால் கிரேக்க மொழியில் துர்நாற்றம் என்று பொருள்படும் 'புரோமோஸ்' என்ற சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அப்பட்டமான, நேர்மையான பெயர். இந்தத் தனிமத்தின் சரித்திரத்தில் நேர்மையாக வைக்கப்பட்ட பெயர் அநேகமாக அது ஒன்றுதான்!

1857ல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர், பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் கட்டுப்படுத்துகிறது என்று சொன்னார். அது உண்மை. ஆனால் விரைவிலேயே 'நரம்புத் தளர்ச்சி', தூக்கமின்மை, படபடப்பு என்று எல்லாவற்றுக்கும் அதையே கொடுக்க ஆரம்பித்தார்கள். புரோமைடு உடம்பை விட்டு லேசில் வெளியேறாது. தினமும் குடித்தவர்களுக்கு அது சேர்ந்துகொண்டே போனது. தோலில் கொப்புளம், மனக்குழப்பம், இல்லாதது தெரிவது... அந்த நோய்க்குப் 'புரோமிசம்' என்றே பெயர் வந்தது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் மருந்துகளிலிருந்து புரோமைடு விலக 1975 வரை ஆனது.

ஊரே புரோமைடு குடித்துத் தூங்கிய அந்தக் காலத்தில், ஜெலட் பர்ஜெஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1906ல் ஒரு கிண்டல் செய்தார். பேச ஆரம்பித்தாலே கேட்பவருக்குக் கொட்டாவி வரவழைக்கும் ஆசாமிகளுக்கு 'புரோமைடு' என்று பட்டம் கொடுத்தார். பிறகு அவர்கள் பேசும் வாக்கியத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தக அட்டையில் அச்சிடும் புகழுரையை ஆங்கிலத்தில் 'பிளர்ப்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் இதே புத்தகத்தின் அட்டையில்தான் பிறந்தது, 1907ல். தூங்க வைக்கும் பேச்சும் விளம்பரப் பேச்சும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மருந்துக்கு அடுத்ததாகப் புரோமினுக்குப் பெரிய வாடிக்கையாளர் பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோலில் எத்திலீன் டைபுரோமைடும் சேர்ப்பார்கள். எஞ்சினுக்குள் ஈயம் படியாமல், ஈய புரோமைடாகிப் புகையோடு வெளியே போய்விடும். எஞ்சின் சுத்தம். ஊர்க்காற்று எக்கேடு கெட்டால் என்ன? 1970களில் அமெரிக்கா ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் சரிந்தது. அதே பத்தாண்டில் இன்னொரு சந்தை வளர்ந்தது: தீத்தடுப்பு ரசாயனங்கள். சோபா ஃபோம், டிவி பெட்டி, குழந்தையின் இரவு உடை, எல்லாவற்றிலும் புரோமின். விற்பனைச் சொல் ஒன்றே ஒன்று: 'பாதுகாப்பு'.

அதன் லட்சணத்தைப் பார்க்கலாம். 1973ல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே கம்பெனி 'ஃபயர்மாஸ்டர்' என்ற தீத்தடுப்பானையும் 'நியூட்ரிமாஸ்டர்' என்ற தீவனச் சேர்மானத்தையும் தயாரித்தது. மூட்டை மாறியது. விஷம் மாட்டுத் தீவனத்தில் கலந்தது. சுமார் 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் கொன்று புதைக்கப்பட்டன. காரணம் கண்டுபிடிக்கப்படுவதற்குள் பாலும் இறைச்சியும் முட்டையும் லட்சக்கணக்கான மக்களின் வயிற்றுக்குள் போய்விட்டன. அவர்களின் உடல்நிலையை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர வேண்டியதாயிற்று.

அடுத்து, குழந்தைகளின் இரவு உடையில் சேர்த்த 'டிரிஸ்'. அது மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று ஆர்லின் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1977ல் எழுதினார்கள். அதே வருடம் அமெரிக்க அரசு தடை செய்தது. உடனே புரோமின் இருந்த இடத்தில் குளோரின் போட்ட தம்பி டிரிஸ் வந்தது. அதையும் இரவு உடையிலிருந்து விரட்டினார்கள். அது எங்கே போனது? சோபாவுக்குள்! அதே ஆர்லின் பிளம், முப்பது வருடம் கழித்து அதே ரசாயனத்தோடு மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சோபாவுக்குள் இதெல்லாம் ஏன் வந்தது? 1975ல் கலிபோர்னியா போட்ட விதி. சிறு தீச்சுடரை 12 விநாடி காட்டினாலும் உள்ளே இருக்கும் ஃபோம் தாங்க வேண்டும். ஆனால் வீட்டில் முதலில் பற்றுவது மேலே இருக்கும் துணி. துணி கொழுந்துவிட்டு எரியும்போது உள்ளே இருக்கும் கொஞ்சம் ரசாயனம் என்ன செய்யும்? தொழில்துறை தன் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டிய ஆய்வின் தலைமை விஞ்ஞானியே, தன் ஆய்வைத் திரித்துவிட்டார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார்.

2012ல் 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழ் இன்னொன்றை வெளிக்கொண்டு வந்தது. தீப் பாதுகாப்புக்காகப் போராடும் குடிமக்கள் அமைப்பு என்று ஒன்று விதியை மாற்றக்கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்தது. அதன் உறுப்பினர்கள் யார் தெரியுமா? ஆல்பமார்ல், கெம்சூரா, ஐசிஎல் என்ற மூன்று பெரிய தீத்தடுப்பான் கம்பெனிகள்! அந்த அமைப்பின் சார்பில் சட்டமன்றக் குழு முன் பேசிய தீக்காய மருத்துவர், மெழுகுவர்த்தித் தீயில் கருகி இறந்த பச்சைக் குழந்தையின் கதையை உருக்கமாகச் சொன்னார். அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று நிருபர்கள் கண்டுபிடித்தார்கள். இல்லாத குழந்தைக்காகக் கண்ணீர். இருக்கிற குழந்தைகளின் மெத்தையில் ரசாயனம்.

புரோமின் தீயை அடக்காதா என்று கேட்கலாம். அடக்கும். தீச்சுடரை வளர்க்கும் துகள்களைப் பிடித்துப் போட்டுவிடும் குணம் அதற்கு உண்டு. வலிப்பை அடக்கியதும் உண்மைதான். நாய்களின் வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடை இன்றும் கொடுக்கிறார்கள். பிரச்சினை தனிமத்தில் இல்லை. ஓரிடத்தில் உண்மையான ஒரு நன்மையைக் காட்டி, ஊர் முழுக்க விற்பதில் இருக்கிறது. சோபா தீக்குப் பெரிய காரணம் சிகரெட். அது தானாக அணையும்படி இருக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2004ல் விதி போட்டது. நெருப்பைக் கொண்டுவரும் பொருளைத் திருத்துவதா, வீட்டில் இருக்கும் அத்தனை பொருளையும் ரசாயனத்தில் ஊற வைப்பதா?

வணிகவியல் படிக்கும் எந்த மாணவருக்கும் முதல் வாரமே சொல்லித் தருவது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே தீர வேண்டும். புரோமின் கம்பெனிகளின் வரவு அவர்கள் புத்தகத்தில் இருக்கிறது. பற்று எங்கே எழுதப்பட்டது? ஸ்வீடனில் சேகரித்து வைத்த தாய்ப்பாலைச் சோதித்தபோது, 1972 முதல் 1997 வரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புரோமின் தீத்தடுப்பான் அளவு இரட்டிப்பானது தெரிந்தது. பற்று எழுதப்பட்ட பேரேடு அதுதான். அந்தத் தாய்மார்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

பெயர் மாற்றும் இந்த விளையாட்டை நிறுத்த வழி உண்டு. 'பென்டா' என்ற வகை 2004ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. அதன் இடத்துக்கு வந்த சரக்கிலும் புரோமின் இருந்தது. ஒவ்வொரு பெயராகத் தடை செய்தால் பெயர்களுக்குப் பஞ்சமே வராது. அதனால்தான் கலிபோர்னியா 2013ல் தீச்சுடர் சோதனையைக் கைவிட்டு, மேல்துணி கனன்று எரிகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மாறியது. 2018ல் இன்னும் ஒரு படி மேலே போய், சோபா, மெத்தை, குழந்தைப் பொருட்களில் இந்த ரசாயன வகைகளையே மொத்தமாக விலக்கச் சட்டம் போட்டது. 2020ல் அது அமலுக்கு வந்தது. விதியை ஆரம்பித்த மாநிலமே தன் தப்பைத் திருத்திக்கொண்டது, நாற்பத்தைந்து வருடம் கழித்து!

விற்பவன்தான் தன் சரக்கு கெடுதல் இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். குடிப்பவனும் உடுத்துபவனும் உட்காருபவனும் பிறகு செத்து நிரூபிக்கக் கூடாது. ஒரு பொருளின் மீது 'பாதுகாப்பானது' என்று எழுதியிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாருக்கு? அதைக் கேட்காதவரை அந்தச் சொல் ஒரு புரோமைடு. பழைய மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்தார்களே, அதே சரக்கு.